புழுவெட்டு

மலருக்கு முடிதான் முதல் அடையாளம். ஜோகுபாளையத்துச் சந்துக்குள் வந்து "மலர் வீடு எது?" என்று கேட்டால் யோசிப்பார்கள். "நீள முடிக்காரம்மா வீடு" என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். கோலார் தங்கவயலிலிருந்து அவளைப் பெண் எடுத்ததே முடிக்காகத்தான். பெண் பார்க்க வந்த அன்று மாமியார் சந்திரம்மா ஒரு கையில் பஜ்ஜியை வைத்துக்கொண்டு மறு கையால் பின்னலை இழுத்துப் பார்த்தாள். சவுரி இல்லை என்று தெரிந்த பிறகுதான் பஜ்ஜி வாய்க்குள் போனது. "முடியப் பாத்துதான் எடுத்தோம்" என்று இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மலமூத்திரம் அள்ளிக் கொட்டியது யார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. முடியா வந்து அள்ளிக் கொட்டியது?

அந்த முடி இப்போது கொட்டிக்கொண்டிருந்தது.

இடது காதுக்கு மேலே, ஒரு ரூபாய் அளவுக்கு, வழவழவென்று ஓர் இடம். பார்லர் கேத்தரின்தான் முதலில் பார்த்தாள். நுனி வெட்டிக்கொண்டிருந்தவள் சீப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து, "அக்கா, புழுவெட்டு மாதிரி இருக்குக்கா. பயப்படாதீங்க, நெறைய பேருக்கு வருது. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். பக்கத்து நாற்காலியில் மகள் லிகிதா காலை ஆட்டிக்கொண்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலர் டாக்டரிடம் போகவில்லை. போனால் கணவன் கிஷோருக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தால் அவன் அம்மாவுக்குத் தெரியும். சந்திரம்மாவுக்குத் தெரிந்தால் அப்புறம் ஊருக்குத் தனியாகத் தண்டோரா வேண்டியதில்லை. ரூபாய் அளவு பூரி அளவானது. அதன்மேல் கண்மையைக் குழைத்துத் தடவி, சுற்றியிருந்த முடியை இழுத்து மூடி, ஊசி குத்தினாள். சிவாஜி நகரில் ஒரு சவுரி வாங்கி, காய்கறிப் பையின் அடியில் ஒளித்துக் கொண்டுவந்தாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்குக் கனம் தலையில். காற்றடித்தால் பயம், பஸ்ஸில் பின்னால் யாராவது நின்றால் பயம், சொந்த வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்காரவும் பயம். குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். நேற்றைவிடப் பெரிதாகத்தான் தெரியும்.

போதாக்குறைக்கு, காலையில் எழுந்தால் தலையணையைச் சுற்றி வெள்ளையாகப் பொடி கிடந்தது. முடி போய் இப்போது தோலும் உரிகிறது என்று நினைத்து, யாரும் பார்க்கும் முன் அவசர அவசரமாகத் தட்டிவிடுவாள்.

அதைவிடக் கொடுமை லிகிதா. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல் தூங்காத பிள்ளை, தன் தலையணையை இழுத்துக்கொண்டு சுவரோரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. தலைசீவக் கூப்பிட்டால், "நானே சீவிக்கிறேம்மா" என்று விலகியது. பார்த்துவிட்டாள், பெற்ற பிள்ளையே அருவருக்கிறது, இனி மற்றவர்களைக் கேட்க வேண்டுமா என்று தனக்குள்ளேயே புழுங்கினாள்.

இந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் உமேஷின் கல்யாணம் வந்தது.

"மலரு, கல்யாணத்துக்கு உனக்கும் மொக்கு ஜடை சொல்லிட்டேன்" என்றாள் சந்திரம்மா. "பொண்ணு ஊட்டுக்காரங்க பாக்கட்டும், நம்ம ஊட்டு மருமவ முடி இன்னான்னு."

மல்லிகை மொக்குகளை வரிசையாகக் கோத்து, பின்னல் முழுக்க வைத்துத் தைப்பதுதான் மொக்கு ஜடை. அதற்கு முடியைப் பிரித்து, வழித்துச் சீவி, இறுக்கிப் பின்ன வேண்டும். மலரின் கை தானாக இடது காதுக்கு மேலே போனது.

"எனக்கெதுக்கு அத்தே? கல்யாணப் பொண்ணுக்குப் போட்டா போதும்."

"சும்னே இரு. கூந்தல் இருக்கிற சீமாட்டி அள்ளி முடியறா. இல்லாதவளா நீ?"

கல்யாணத்தன்று காலை மண்டபத்து அறையில் பெண்கள் நெரிந்து கிடந்தார்கள். மலர் தலைவலி என்றாள், யாரும் காதில் வாங்கவில்லை. அடுப்பு வேலை பார்க்கிறேன் என்று எழுந்தாள், சந்திரம்மா தோளை அழுத்தி உட்காரவைத்தாள். பெண் வீட்டுக்காரர்கள் அந்தப் பேர்போன முடியைப் பார்க்கச் சுற்றி நின்றார்கள்.

"அக்கா, கொஞ்சம் தல குனிங்க. பின்னல அவுத்துட்டு மொதல்லேந்து இழுத்துப் போடணும்" என்றாள் பூக்காரி. அவள் விரல் முதல் ஊசியைத் தொட்டது. மலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தொடாதீங்க!"

லிகிதா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பூக்காரியின் கையைப் பிடித்துத் தள்ளினாள். "முடிய அவுக்காதீங்க! அம்மா தலயில புழு இருக்கு! மூளைய தின்னுனு இருக்கு!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"இன்னாடி ஒளற்ற?" என்றாள் சந்திரம்மா.

"பார்லர் ஆன்ட்டிதான் சொன்னாங்க. புழு வெட்டுதுன்னு."

பிள்ளையின் வாயைப் பொத்த மலரின் கை எழுந்துவிட்டது. 'டிவில எதையோ பாத்துட்டு ஒளறுது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். நாக்கு நுனிவரை வந்தது அந்தப் பொய். ஆனால் பட்டுப் பாவாடைக்குள் பிள்ளையின் முழங்கால்கள் வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்தாள். அது அருவருப்பு இல்லை.

எழுந்த கை தன் தலைக்கே போனது. ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சவுரியை உருவி மடியில் போட்டாள். ஈரத் துண்டை வாங்கிக் கண்மையை அழுத்தித் துடைத்தாள். மலருக்கு உடம்பு முழுக்க வியர்த்துக் கொட்டியது. மானமே போகிறது என்பார்களே, அது இதுதான் என்று நினைத்தாள்.

"கை குடுடி. தொட்டுப் பாரு. புழு இருக்கா?"

லிகிதா விரல் நுனியால் தொட்டாள். பிறகு உள்ளங்கையால் தடவினாள். "வழவழன்னு இருக்கும்மா."

"புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. அது வெறும் பேரு. முடி கொட்டுது, அவ்ளோதான்."

"நீ செத்துப்போ மாட்டியே?"

"முடி கொட்டுனா யாராச்சும் சாவாங்களா?" கேட்ட பிறகுதான் மலருக்கே உறைத்தது. இத்தனை நாளும் அவள் அப்படித்தானே செத்துக்கொண்டிருந்தாள்!

"அப்போ இனிமே கோடு போட வேணாமா?"

"இன்னா கோடு?"

பிள்ளை பாவாடை மடிப்பிலிருந்து எதையோ எடுத்து நீட்டியது. பாதி தேய்ந்த எறும்பு சாக்பீஸ். "டெய்லி நீ தூங்குனதும் உன் தலகாணிய சுத்திப் போடுவேன். அத தாண்டி இன்னொரு புழு வராதில்ல? பக்கத்துல படுத்தா கோடு அழிஞ்சிடும்னுதான் சுவரோரமா போனேன். இங்கயும் போடலாம்னு எடுத்துனு வந்தேன்."

தட்டித் தட்டிவிட்ட வெள்ளைப் பொடி மலருக்கு நினைவு வந்தது. அதைத் தன் தோல் என்று நினைத்து அழுதிருக்கிறாள். அம்மா செத்துவிடுவாள் என்ற பயத்தோடு பிள்ளை அந்தப் பக்கம் விழித்துக் கிடந்தபோது, முடி போய்விடுமே என்று இவள் இந்தப் பக்கம் விழித்துக் கிடந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதற்குள் பிள்ளையின் விரல்கள் கண்ணில் பட்டன. நகக்கண்ணெல்லாம் வெள்ளை. எறும்பைக் கொல்கிற மருந்து. இந்தக் கையால்தானே கொஞ்ச நேரம் முன்னால் கேசரி சாப்பிட்டது!

பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

"மலரு, இப்ப இந்த ஜடைய இன்னா பண்றது?" சந்திரம்மா பூக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முடியப் பாத்து எடுத்த பொண்ணாச்சேடி நீ..."

"அந்த முடி இந்தாங்க அத்தே, வெச்சிக்கோங்க." சவுரியை மாமியார் கையில் திணித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வாயில கை வெக்காத. சாக்பீஸ் தொட்டுட்டு கை கழுவுவியா நீ? வயிறு வலிக்குதா? வாந்தி வருதா? சொல்லுடி!"

கைகழுவும் இடம் மண்டபத்தின் மறுகோடியில் இருந்தது. நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது, நாற்காலிகள் நிறைந்திருந்தன. விரிந்த தலையோடு, அந்த வழுக்கையோடு, மலர் அத்தனை பேருக்கும் நடுவே ஓடினாள். பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டு மூன்றாம் முறை தேய்க்கும்போதுதான் எதிரே கண்ணாடி இருப்பதையே பார்த்தாள்.