அண்ணன் வரை எட்டும் ஆன்டெனா

எங்கள் வீட்டு மாடியில் நிற்கும் ஆன்டெனா பதினேழு குழாய் உயரம். ஒவ்வொரு குழாய் ஏற்றும்போதும் கடல் ஒரு தெரு தள்ளிப் போகும். இப்போது அது பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. மீன்பிடிக்கப் போகிறவர்கள் வலையோடு பஸ் ஏறுகிறார்கள். கண்டக்டர் வலைக்கு அரை டிக்கெட் போடுகிறார். இதுவரை யாரும் என்னிடம் குறை சொன்னதில்லை.

படகுகள் தாங்கள் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். கரையில் ஒரு கருவி அதைக் கேட்டுத் திரையில் புள்ளி வைக்கும். இரண்டு பக்கமும் ஆன்டெனா கட்டுவது என் தொழில். உயரம் கூடினால் கேட்கும் தூரம் கூடும்.

என் அண்ணன் தொபியாஸ் படகோடு காணாமல் போய் மூன்று வருடம். புயல் அன்று அவருடைய புள்ளி சட்டென்று அணைந்தது. தேடப் போனவர்களுக்கு எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை. அவர் மனைவி, என் மைனி, இன்னும் அவருக்கும் சேர்த்துத்தான் சோறு வடிக்கிறார். உலை கொதிக்கும்போதெல்லாம் நான் மாடிக்கு ஏறிவிடுவேன்.

பதினெட்டாவது குழாய்க்கு அனுமதி வேண்டும். அலுவலகத்தில் காத்திருந்தேன். என் முறை வருவதற்குள் நாற்காலிக்கு நரைத்துவிட்டது.

"எவ்வளவு தூரம் கேக்கணும்?" என்றார் அதிகாரி.

"எங்க அண்ணன் வரைக்கும், சார்."

"கிலோமீட்டர்ல சொல்லுங்க."

"தெரியல, சார்."

"அப்ப அவரு நேர்ல வந்து தூரத்த எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"அவரு வந்துட்டா ஆன்டெனா எதுக்கு, சார்?"

"அதத்தான் நாங்களும் கேக்கோம்" என்று அனுமதி முத்திரை குத்தினார்.

குழாயோடு ஏறினேன். உச்சியைத் தொட்டபோது எனக்குத் தாடி வளர்ந்திருந்தது. கிளாம்பை முறுக்கினேன். கீழேயிருந்து மைனி கூப்பிட்டார்.

இறங்கி வந்து பார்த்தால், வீட்டுத் திரையில் அண்ணனின் புள்ளி இருந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. தெருவை எட்டிப் பார்த்தேன். படகு இல்லை. ஆனாலும் ஆட்கள் ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளி வழிவிட்டார்கள்.

"லியோனு, நம்ம வீடு இதுதான்னு அவருட்ட சொல்லு. பெயிண்ட் மாத்திட்டோம்லா, அடையாளம் தெரியாது."

"இது கேக்க மட்டுந்தான் மைனி. பேசாது."

மைனி வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார். புள்ளி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. இனியும் மறைத்தால் நான் மனுஷன் இல்லை என்று தோன்றியது.

"மைனி, அன்னைக்கு அவரு சிக்னல் நின்னதுக்கு நான்தான் காரணம். படகு மந்திரிக்கிறப்ப ஆன்டெனா ஜாயிண்ட்டுக்கு நான் டேப் சுத்தல. மந்திரிச்ச தீர்த்தம் உள்ளயும் படட்டும்னு திறந்தே வச்சிருந்தேன். சர்ச் சாமியார் தெளிச்சிட்டுப் போனதும் ஈரத்தோட மூடிட்டேன். தண்ணி உள்ளயே நின்னுட்டு."

"தெரியும்" என்றார் மைனி.

"தெரியுமா?"

"அவருக்கும் தெரியும். கெளம்புறதுக்கு முன்னாடியே படகுல கூட உள்ளவங்க பிரிச்சுத் தொடச்சிருவோம்னுதான் சொன்னாங்க. அவரு தொட விடல."

"ஏன் மைனி?"

புள்ளி வாசலுக்கு வந்தது. நிற்காமல் அடுத்த வீட்டைத் தாண்டிப் போனது. மைனி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீ கட்டுனதுல்லா" என்றார்.