முப்பத்திரண்டு டிகிரி

கரண்டு போனபோது பகல் மணி பதினொன்றரை. ரெக்ஸ் முதலில் பார்த்தது ஆய்வகத்து இன்குபேட்டரைத்தான். அதற்குள் ஒரு சின்னத் தட்டில் பால்பாண்டியின் கண்ணுக்கான தோல் வளர்ந்துகொண்டிருந்தது.

பால்பாண்டி பண்ணைப்புரத்துக்காரர். திராட்சைக் கொடிக்கு மருந்தாக அடிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைக்கையில், சுண்ணாம்பு கொதித்துத் தெறித்து வலது கண் வெந்துபோனது. டாக்டர் ஷெரின் அவருடைய இடது கண்ணின் ஓரத்தில் அரிசி முனையளவு கிள்ளியெடுத்து, இரண்டு வாரமாக அந்தத் தட்டில் வளர்த்துவந்தார். மறுநாள் காலை ஆபரேஷன். கதவைத் திறக்கக் கூடாது என்று மட்டும் ரெக்ஸிடம் சொல்லியிருந்தார். காரணம் சொல்லவில்லை. உதவியாளனிடம் யார் காரணம் சொல்கிறார்கள்?

ஜெனரேட்டர் இரண்டு தரம் உறுமி அணைந்தது. ஷெரினுக்குப் போன் அடித்தான். அவருடைய வண்டி வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் சிக்கிக் கிடந்தது. மேளச் சத்தத்தில் அவர் எடுக்கவில்லை.

இந்த ஆஸ்பத்திரிக்கு வருமுன் ரெக்ஸ் பதினொரு வருடம் கம்பத்தில் ஒரு திராட்சைக் குளிர்கிடங்கில் கிடந்தவன். கரண்டு போனால் அவன் கை தானாக ஐஸுக்குப் போகும். சித்திரை வெயிலில் அறை வெந்தது. கெட்டுப்போகிற பொருளுக்குச் சூடு ஆகாது என்பதில் அவனுக்கு என்றுமே சந்தேகம் வந்ததில்லை. தட்டை எடுத்து, தடுப்பூசி கொண்டுபோகும் ஐஸ் பெட்டியில் வைத்து மூடினான். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தான்.

ஒன்றரை மணிக்கு ஷெரின் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் விளக்கினார். அந்தத் தட்டில் ஒரு பூச்சு இருக்கிறது. உடம்புச் சூட்டில் செல்கள் அதைப் பற்றிக்கொண்டு வளரும். முப்பத்திரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால் பூச்சு தண்ணீர் குடித்து உப்பி, பிடியை விட்டுவிடும். கத்தி படாமல் தோல் முழுசாகக் கழன்று வரும். ஆபரேஷன் மேசைக்குப் பக்கத்தில், அதை ஏந்த ஆள் தயாராக நிற்கும்போது நடக்க வேண்டியது அது. இப்போது தோல் கழன்று, சுருண்டு, ஐஸுக்குள் செத்துக் கிடந்தது.

"ரூம்ல எவ்வளவு சூடு இருந்துச்சு?"

"முப்பத்தஞ்சு, மேடம்."

"சும்மா விட்டிருந்தா பொழச்சிருக்கும்."

பால்பாண்டியிடம் தானே சொல்வதாக ரெக்ஸ் சொன்னான். ஷெரின் தடுக்கவில்லை. வார்டில் பாண்டியம்மாள் புருசனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். மறுபடி வளர்க்கலாம், ஆனால் நல்ல கண்ணில் இன்னொரு தரம் கிள்ள வேண்டும். அந்தக் கண்ணுக்கும் கேடு வரக்கூடும் என்று டாக்டர் சொன்னதையும் மறைக்கவில்லை.

"ஐஸ்ல வைக்க அதென்ன பன்னீர் திராட்சைப் பழமா?" என்றாள் பாண்டியம்மாள்.

"பழம்னுதான் கை நெனச்சிருச்சு, ஆத்தா."

பால்பாண்டி தட்டைப் பார்க்க வேண்டும் என்றார். கொண்டுவந்து கொடுத்தான். இடது கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உரித்த திராட்சைத் தோல் போல, அதைவிட மெல்லிசாக, என்னவோ மிதந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றார். "நானா இருந்தாலும் ஐஸ்லதான் வச்சிருப்பேன்." தட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இந்தக் கண்ணுல இனி ஒருத்தரும் கைவைக்க வேணாம். இது ஒண்ணாச்சும் கெடக்கட்டும்."

மூன்று மணிக்கு டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். பாண்டியம்மாள் அவருக்கு வலப்பக்கமாக நடந்தாள். வாசல் படியில் அவர் தடுக்கினார். பின்னால் வந்த ரெக்ஸ் பிடிக்கக் கையை நீட்டினான். அவள் அதைத் தட்டிவிட்டாள்.