நாலு மணி வாசிப்பு

டெஸ்மண்ட் ஆக்ராய்ட் எதற்கும் மார்க் போடுவான். முப்பத்திநாலு வருடம் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். திருத்துவதற்கு விடைத்தாள் இல்லாமல் கை அரித்ததோ என்னவோ, உலகத்தையே திருத்த ஆரம்பித்துவிட்டான். படித்த நாவலுக்குப் பத்துக்கு ஆறு. துறைமுகக் கடையில் வாங்கிய மீன் வறுவலுக்கு எட்டு. வியாழக்கிழமைப் பகல் நாடகத்துக்கு ஏழரை. கிரிக்கெட் மைதானத்தில் தேநீர் இடைவேளைக்கு விற்கும் கேக்குக்கு நாலு, அதுவும் இரக்கப்பட்டு. எல்லாவற்றையும் தொகுத்து மாதாமாதம் தேவாலயப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதுவான். இங்கிலாந்துக் கடலோர ஊரான ஸ்கார்பரோவில் அந்தப் பக்கத்தைப் படிக்காத கிழடு கிடையாது. ஸ்கார்பரோவில் கிழடுகளை விட்டால் வேறு யாரும் அதிகம் கிடையாது.

அவன் மனைவி தெல்மா ஞாயிற்றுக்கிழமை செய்யும் புட்டிங்குக்கும் நாற்பத்தொரு வருடமாக மார்க் உண்டு. ஏழைத் தாண்டியதில்லை. ஒரே ஒருமுறை ஏழேகால் வந்தது. அது அவள் அம்மாவை அடக்கம் செய்த வாரம்.

தெல்மா பதினைந்து வயதில் மீன் பதனிடும் கூடத்தில் கத்தி பிடித்தவள். அவள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்தவர்களே இல்லை. நாற்பத்தெட்டாவது வயதில், வேலைக்கும் போய்க்கொண்டு, தபால்வழியில் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கினாள். பாடம் சில நாள் விடிகாலையில் தொலைக்காட்சியில் வரும். அதனால் டெஸ்மண்ட் அதற்கு 'டிவி பட்டம்' என்று பெயர் வைத்தான். அவளுடைய சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கக்கூஸில் மாட்டியதும் அவன்தான். "நாகரிகமான வீட்டுல எல்லாம் அங்கதான் மாட்டுவாங்க," என்றான். அவனுடையது கூடத்தில் தொங்கியது.

இரண்டு வருடமாகத் தெல்மாவின் கண்களில் நடுப்பகுதி செத்துக்கொண்டு வந்தது. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணில் ஓரம் தெரியும், நடு தெரியாது. யாரையாவது நேராகப் பார்த்தால் அவர்கள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகைக்கறை. புத்தகத்தைத் திறந்தால் எந்த எழுத்தைப் பார்க்கிறாளோ அது மட்டும் காணாமல் போகும். மிச்சத்தைக் காப்பாற்ற மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள்.

நூலகத்திலிருந்து ஒரு பேசும் கருவி கொடுத்தார்கள். புத்தகத்தை அதுவே வாசித்துக் காட்டும். தெல்மா இரண்டு வாரம் காதை எடுக்காமல் கேட்டாள். மூன்றாவது வாரம் டெஸ்மண்ட் அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? நான் படிச்சுக் காட்டறேன். என் குரலுக்கு என்ன கொறச்சல்?"

அடுத்த மாதம் தேவாலயப் பத்திரிகையில் 'என் மனைவிக்கு நானே கண்' என்று எழுதினான். தினமும் மாலை நாலு மணிக்கு வாசிப்பு. தேவாலயத்து வாசலில் கிழவிகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். அதற்குப்பின் தெல்மா எப்படி வேண்டாம் என்பாள்?

டெஸ்மண்டுக்குக் காது மந்தம் என்பதைப் பற்றி யாரும் எந்தப் பத்திரிகையிலும் எழுதவில்லை. காது மிஷின் வயசானவர்களுக்கு என்பான். அவனுக்கு எழுபத்தாறு. நாடகத்தில் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, வசனத்தைச் சுருக்கிச் சுருக்கி அவன் காதில் ஓதுவது தெல்மாவின் வேலை.

அவளுக்கென்று மிஞ்சியிருந்தது ஒன்றுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, தேவாலயக் கூடத்தில் கூடும் புத்தகக் குழு. ஏழெட்டுப் பெண்கள். அங்கே அவளுக்கு யாரும் மார்க் போடுவதில்லை. அவள் பேசினால் மற்றவர்கள் பேனாவைத் திறப்பார்கள். கண் போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த நாற்காலி போகக் கூடாது என்று நினைத்திருந்தாள்.

ஆகஸ்டு மாதத்துக்கு 'மிஸ் பெவரிட்ஜின் மூன்று குடைகள்' என்ற துப்பறியும் நாவல். செவ்வாய்க்கிழமை மாலை டெஸ்மண்ட் அதை முடித்தான்.

"'அப்போது பாதிரியார் தலையைக் குனிந்தார். நான்தான் கொன்றேன் என்றார்.' அவ்ளோதான் கண்ணு. முடிஞ்சுது."

"அதுக்குள்ளயா? இன்னும் இத்தனை பக்கம் கனமா இருக்கே?" என்று தெல்மா புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"பின்னாடி பூரா விளம்பரம்."

தெல்மாவின் பார்வை ஓரத்தில் பச்சையாக ஏதோ அசைந்தது. தோட்டத்துப் பக்க ஜன்னலின் திரைச்சீலை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் குழுவில் அவள்தான் முதலில் பேசினாள். பாதிரியார் மேல் ஆரம்பத்திலிருந்தே தனக்குச் சந்தேகம் இருந்ததாகச் சொன்னாள். அவர் மணியடிக்கும் காட்சி, குடையை மடிக்கும் காட்சி, ஒவ்வொன்றிலும் குற்றவுணர்வை ஆசிரியர் எப்படி ஒளித்து வைத்திருக்கிறார் என்று பத்து நிமிடம் விளக்கினாள். நன்றாகவே விளக்கினாள். முடித்ததும் ஒரு பேனா மூடும் சத்தம் கேட்டது.

"ரொம்ப சுவாரசியமான பார்வை," என்றாள் வேலரி. குழுவை நடத்துபவள் அவள்தான். இந்த ஊரில் ஒருவர் அப்படிச் சொன்னால் அதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

யாரும் மறுக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. கேக் சுற்றி வந்தது. பிறகு வேலரியும், பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளும் நோரீனும் கோப்பை கழுவப் போனார்கள். தெல்மாவுக்குக் கண்தான் போயிருந்தது.

"பாதிரியார் ஒம்பதாவது அத்தியாயத்துலயே செத்துட்டாரேடி. கொன்னது நர்ஸ்!"

"உஷ். மொதல்ல கண்ணு, இப்போ மூளை. பாவம் டெஸ்மண்ட்."

"தங்கமான மனுஷன். எப்படிச் சமாளிக்கறாரோ."

குழாய்த் தண்ணீருக்கு மேல் சிரிப்பு கேட்டது. கெட்ட சிரிப்புகூட இல்லை. குழந்தை தடுக்கி விழுந்தால் சிரிப்பார்களே, அது.

வீட்டுக்கு வந்ததும் தெல்மா கேட்டாள். "டெஸ், கொன்னது பாதிரியார்தானே?"

"ஆமா கண்ணு. அதான் படிச்சேனே."

"நேத்து மேட்ச் என்னாச்சு?"

"அடேயப்பா! கடைசி விக்கெட்டுக்கு நாப்பது ரன். நாலே காலுக்கு ஆரம்பிச்சாங்க பாரு..." சொல்லிக்கொண்டே போனான். தான் என்ன சொல்கிறோம் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. ஒலியை அணைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் பச்சை மைதானம் தெல்மாவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவள் சமையலறைக்குப் போனாள். உருளைக்கிழங்கு உரித்தாள்.

அடுத்த நாள் வியாழக்கிழமை, பகல் நாடகம். 'உப்புக் கிடங்கு' என்று பெயர். துறைமுகத்தில் கிடங்கு வைத்திருக்கும் ஒரு விதவை, கடலில் தொலைந்த மகனுக்காகக் காத்திருக்கிறாள். கடைசிக் காட்சியில் ஒருவன் வந்து கதவைத் தட்டுகிறான். படகில் மகனைத் தண்ணீரில் தள்ளிவிட்டவன். விதவை அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, அவன் மார்பிலேயே முகத்தை முட்டிக்கொண்டு அழுகிறாள்.

"யாரு அவன்?" என்று டெஸ்மண்ட் காதைச் சாய்த்தான்.

"மகன். திரும்பி வந்துட்டான்."

"ஓ! பிரமாதம்!"

நாடகம் முடிந்ததும் நடிகர்கள் மேடை விளிம்பில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வது வியாழக்கிழமை வழக்கம். முதல் கேள்வி எப்போதும் டெஸ்மண்டுடையது. அதில் கேள்வி கொஞ்சம்தான் இருக்கும். எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அம்மாவா நடிச்ச அம்மணிக்கு நான் பத்துக்கு ஒம்பது போடறேன். தொலைஞ்ச மகன் திரும்பி வந்ததும் அந்த முகத்துல ஒரு பூரிப்பு! அப்படி ஒரு சந்தோஷத்தை எப்படி வரவழைச்சீங்க?"

மேடையில் நடிகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயா," என்றாள் நடிகை மெதுவாக, "அது மகன் இல்லீங்க. மகனைக் கொன்னவன்."

பின்வரிசையில் யாரோ, "தாத்தா இடைவேளையிலயே தூங்கிட்டாருப்பா," என்றான். சிரிப்பு முன்வரிசை வரைக்கும் உருண்டு வந்தது. இரண்டு வரிசை தள்ளி வேலரியின் சிரிப்பும் அதில் இருந்தது.

டெஸ்மண்ட் குனிந்தான். "என்ன சொல்றாங்க?"

"ரொம்ப சந்தோஷப்படறாங்க. மகனைப் பத்தி இன்னும் கொஞ்சம் பேசச் சொல்றாங்க."

பேசினான். கொலைகாரனாக நடித்தவனைப் பார்த்து, "அம்மா நெஞ்சுல விழுந்தீங்களே தம்பி, அங்க நான் அழுதுட்டேன்," என்றான். தான் சிறுவனாகச் சாரணர் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது தன் அம்மா செய்த இறைச்சி வடையைப் பற்றிச் சொன்னான். அதற்கு மார்க்கும் சொன்னான். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. டெஸ்மண்ட் நாலு பக்கமும் தலையாட்டி நன்றி சொன்னான். தெல்மாவுக்கு இனித்தது. பல வருடமாக அவள் நாக்கில் எதுவும் அப்படி இனித்ததில்லை.

சனிக்கிழமை நோரீன் வந்தாள். செவிடனிடம் கத்த வேண்டாம் என்று ஒரு குறிப்பு எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அவனுடைய பக்கத்துக்குச் சிறிது காலம் ஓய்வு கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. நாடகத்தில் மகன் திரும்பி வரவே இல்லை என்பதையும் மரியாதையாக எழுதியிருந்தாள். டெஸ்மண்ட் அதை வாசலில் நின்றபடியே படித்தான். மடித்துப் பையில் வைத்தான். தெல்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புட்டிங்கைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்தான்.

"மூணு."

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. டெஸ்மண்ட் சமையலறை மேசையில் உட்கார்ந்து உறையைக் கிழித்து, வகுப்பில் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"'அன்புள்ள திருமதி ஆக்ராய்ட், உங்கள் வலது கண்ணின் அண்மைப் பரிசோதனையைப் பார்த்ததில், ஊசி மருந்தால் இனிப் பயன் இருக்காது என்று முடிவு செய்துள்ளோம். சிகிச்சை இத்துடன் நிறுத்தப்படுகிறது.'"

தெல்மா மேசைமேல் கிடந்த உறையைத் தடவினாள்.

"நல்லா படிக்கற," என்றாள் தெல்மா. "இதுக்கும் பின்னாடி விளம்பரமா?"

"இருக்கறதைத்தான் படிச்சேன்."

"இன்னொரு தடவ படி."

படித்தான். ஒரு வார்த்தை மாறவில்லை. கண்ணு என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. பிறகு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"நம்பலன்னா வேலரிகிட்ட கொண்டுபோய்க் காட்டேன்."

அதை அவன் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. ஆனால் தெல்மா அப்போது யோசிக்கும் நிலையில் இல்லை. இவன் நாடகத்துக்குப் பழி வாங்குகிறான். கடிதத்தில் வேறு ஏதோ இருக்கிறது. ஒருவேளை அடுத்த ஊசிக்கு நாள் குறித்திருக்கும், நாள் தவறினால் கண் போய்விடும். மேல்கோட்டுகூடப் போடாமல், மதில்களைத் தடவிக்கொண்டு ஓடினாள். வேலரியின் வீடு மூன்றாவது தெரு, ஏழாவது கேட்.

வேலரி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தாள். அதே வார்த்தைகள். அதே வரிசை. "'சிகிச்சை இத்துடன் நிறுத்தப்படுகிறது.' ஐயோ, தங்கம்... டெஸ்மண்ட் இதை உனக்குப் படிச்சுக் காட்டலயா?"

"காட்டினான்."

"இதையேவா?"

"இதையேதான்."

"அப்போ ஏன்மா இவ்ளோ தூரம் வந்த?"

"அவன் மாத்திப் படிக்கிறான்னு நினைச்சேன். புத்தகத்துல அப்படித்தான் செஞ்சான் வேலரி. கிரிக்கெட் பாக்கறதுக்காகக் கொலைகாரனையே மாத்திட்டான்."

சொல்லும்போதே அவள் காதுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. ஆறு வருடம் வாதாடக் கற்றுக்கொண்டு பட்டம் வாங்கியவள். ஒரு வாதமும் வாய்க்கு வரவில்லை. கண் போய்விட்டது என்று அழக்கூட நேரமில்லை, அதற்குள் வேலரி அவள் தோளைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். நாய்க்குட்டியைத் தட்டுவதுபோல் தட்டினாள்.

கையைக் கோத்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். டெஸ்மண்ட் கேட்டருகில் தெல்மாவின் மேல்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"எங்க போயிட்ட கண்ணு? பயந்தே போயிட்டேன்."

வேலரி அவன் காதருகில் கத்தினாள். தெருவே கேட்டிருக்கும். "நீங்க கடுதாசிய மாத்திப் படிச்சுட்டீங்கன்னு நெனச்சுட்டா!"

டெஸ்மண்ட் கோட்டைத் தெல்மாவின் தோளில் போர்த்தினான். பொத்தானைக்கூடப் போட்டுவிட்டான்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான் வேலரி. நான் வெளிய சொல்லிக்கல. அன்னிக்கு நாடகத்துல அவ காதுல சொன்னதைத்தான் நான் எழுந்து சொன்னேன். இல்லைன்னு மறுத்தா அவ மனசு ஒடஞ்சுடுமே."

"கடவுளே! நாங்கல்லாம் சிரிச்சோமே..." வேலரி மூக்கை உறிஞ்சினாள்.

"பொய், வேலரி," என்றாள் தெல்மா. "நான் வேணும்னுதான் தப்பா சொன்னேன். எனக்கு எல்லாம் நல்லாவே கேட்டுச்சு."

"கேட்டுச்சு தங்கம், கேட்டுச்சு. இனிமே புதன்கிழமை நீ சிரமப்பட்டு வர வேணாம், என்ன? கேக்கை நாங்களே வீட்டுக்குக் கொண்டாந்து தர்றோம்."

செப்டம்பர் பத்திரிகையில் டெஸ்மண்டின் பக்கம் திரும்பி வந்தது. தலைப்பு, 'மறதியோடு ஒரு குடும்பம்'. நோரீன் அதற்குக் கட்டம் கட்டிப் போட்டிருந்தாள்.

அன்று மாலையும் நாலு மணி அடித்தது. டெஸ்மண்ட் தொலைக்காட்சியைப் போட்டான். இப்போது ஒலியை அணைக்கவில்லை. வர்ணனையாளர் கத்த, கூட்டம் கைதட்ட, புதுப் புத்தகத்தைத் திறந்தான்.

"'அத்தியாயம் ஒன்று. கப்பலில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.'"

கொத்தாகப் பக்கம் புரளும் சத்தம் தெல்மாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"'அத்தியாயம் இருபத்திரண்டு.'"

"கொன்னது யாரு டெஸ்?" என்று அவன் காதருகில் கேட்டாள்.

"பாதிரியார்."

"கப்பல்ல பாதிரியார்னு ஒருத்தரை நீ படிக்கவே இல்லையே."

டெஸ்மண்ட் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே அவள் முழங்காலைத் தட்டினான்.

"இருக்கார் கண்ணு. நீதான் மறந்துட்ட."