கயிறு யார் கையில்

1

இந்தக் கதை என் நாத்தனாரின் சிரிப்பில் பிறந்தது. என் கணவர் போன பத்தாம் நாள், வீடு நிறைய ஆட்கள். "அண்ணி, அந்தப் படகு ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தவள், மேலே சொல்ல முடியாமல் சிரித்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்கள். அவள் முடிக்காததை நான் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கால்வாய் அன்று வெள்ளித் தகடாக

(பொய். பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறம்.)

அவர் பஸ் டிரைவர். இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

2

வாடகைப் படகில் அவர், அவருடைய தம்பி, தங்கை, நான். "பஸ்ஸே ஓட்டுறவனுக்கு இது எம்மாத்திரம்" என்று சுக்கான் தண்டைப் பிடித்தார். தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். பஸ்ஸில் பழகிய கை அதற்கு இணங்கவில்லை. இரண்டு கரைகளையும் மாறி மாறி இடித்துக்கொண்டு போனோம்.

"அண்ணே, ஒரு கரையையும் விட்டு வைக்க மாட்டியா?" என்றான் கொழுந்தன்.

"ஸ்டியரிங்கைத் தலைகீழா மாட்டியிருக்கான்டா."

"என்னை இறக்கி விட்டுடு. நான் நடந்தே முன்னாடி போய்ச் சேர்றேன்" என்றாள் நாத்தனார்.

(கொழுந்தனுக்கு இங்கே ஒரு தொப்பை கொடுத்தால் பின்னால் உதவும். ஆனால் அவன் இதைப் படிப்பான். வேண்டாம்.)

3

சாப்பிட ஒரு மர நிழலில் ஒதுங்கினோம். எங்கள் குடும்பத்தில் எந்த வேலைக்கும் எல்லாரும் "நான் பாத்துக்கறேன்" என்போம். கயிற்றைக் கட்டவும் மூன்று பேர் அப்படியே சொல்லிக்கொண்டு கரையில் குதித்தோம். பாயை விரித்துவிட்டுத் திரும்பினால், படகு நடுக் கால்வாயில். அதில் அவரும் சாப்பாட்டுக் கூடையும்.

"கயிறு உங்கிட்டதானே?"

"அண்ணிகிட்ட இல்ல?"

"என்கிட்ட பாய்தான் இருக்கு" என்றேன். அவருக்கு நீச்சல் தெரியாது. நான் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினேன்.*

அவர் எழுந்து நின்று எங்களைப் பார்த்தார்.

"வண்டி டிப்போவுக்குப் போகுது. யாரும் ஏறாதீங்க."

பிறகு நிதானமாக உட்கார்ந்து கூடையைத் திறந்தார். நாத்தனார் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பதற்றமெல்லாம் போய் நானும்.

* தண்ணீர் இடுப்பளவுதான். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

4

முடிவு ஒன்று: கொழுந்தன் வீராவேசமாகக் குதித்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று விழித்தான். பிறகு மாட்டை ஓட்டி வருவதுபோல் படகைப் பிடித்து வந்தான். கூடையில் பாதி காலி.

நடந்தது இதுதான். எழுதிவிட்டு அடித்தேன். படகு கரையைத் தொட்டால் நாங்கள் வீடு திரும்ப வேண்டும். திரும்பினால் மழைக்காலம் வரும். அதில் ஒரு காலையில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டே

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

முடிவு இரண்டு: காற்று திசை மாறி, படகு தானாகவே

இல்லை. படகு அங்கேயே இருக்கிறது. அவர் வாய் நிறைய மென்றுகொண்டே எங்களுக்குக் கையாட்டுகிறார். நாத்தனார் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. கயிற்றின் நுனி மிதந்து உங்கள் காலடிக்கு வந்திருக்கிறது. நீங்கள் நல்லவர்கள், எடுத்து இழுக்கத்தான் கை போகும்.

கொஞ்சம் பொறுங்கள். அவர் சாப்பிடட்டும்.