நாற்பது தப்படி

ஸ்ரீகுமாரியின் மிதிவண்டியில் பின்தாங்கியின் இருபுறமும் பால்கேன்கள் தொங்கும். ஒன்று ஏழு லிட்டர் கொள்வது. மற்றது ஐந்து லிட்டர் கொள்வது. எடை சமமாக இராமையால் வண்டி எப்போதும் சற்றே இடப்புறம் சாயும். அதற்கேற்பத் தன் உடலை வலப்புறம் சாய்த்து ஓட்ட அவள் பழகியிருந்தாள். இஞ்சிவிளைக்கு அப்பால், கால்வாயை ஒட்டியிருந்த தன் வீட்டிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால், கரைவழியே மாநில எல்லையைக் கடந்து, தமிழ்நாட்டுப் பக்கத்தில் பொன்னப்பன் நடத்தும் சாயாக்கடையை இருபது நிமிடத்தில் அடைந்துவிடுவாள். பன்னிரண்டு லிட்டர் பாலும் அந்த ஒரு கடைக்கே உரியது.

இவ்வாண்டு ஜூன் மாத இடவப்பாதி மழைக்குப் பிறகு அவ்வழி அடைபட்டது. முழுவழியும் அன்று, எல்லைக்கல்லுக்குக் கேரளப் பக்கமாக நாற்பது தப்படி மட்டுமே. அவ்விடத்தில் ஆனைத்தொட்டாவாடி என்னும் முட்செடி நெஞ்சுயரம் வளர்ந்திருந்தது. மழைநீர் அறுத்த பள்ளங்கள் அதன் அடியில் மறைந்து கிடந்தன. ஒரே வாரத்தில் மூன்று முறை சக்கரத்தில் முள் ஏறியது. இறங்கித் தள்ளினாலும் கேன்கள் புதரில் சிக்கின.

விந்தை என்னவெனில், அந்த நாற்பது தப்படிக்கு முன்னும் பின்னும் வழி துப்புரவாக இருந்தது. கேரளப் பகுதியை, அங்குள்ள நூறுநாள் வேலையான தொழிலுறப்புத் திட்டப் பெண்கள் வெட்டியிருந்தனர். தமிழ்நாட்டுப் பகுதியை நூறுநாள் வேலைப் பெண்கள் வெட்டியிருந்தனர். இடையிலுள்ளதை ஒருவரும் தொடவில்லை.

தொழிலுறப்புப் பெண்களுக்கு ‘மேட்’ எனப்படும் பொறுப்பாளராக இருந்த ஷீஜாவை ஸ்ரீகுமாரி வேலையிடத்திற்கே சென்று கண்டாள்.

"அக்கா, எனக்க எஸ்டிமேட்டில அறுநூத்தி இருவது மீட்டர்தான் உண்டு. பஞ்சாயத்து ரோட்டில இருந்து டேப்பு பிடிச்சு அளந்ததாக்கும்" என்றாள் ஷீஜா. "அதுக்கு அப்பறம் ஒரு புல்லப் பறிச்சாலும் போட்டோவில எடம் மாறிக் காட்டும்."

"நாப்பது தப்படி தானே மக்கா."

"நாப்பது தப்படிக்கு முப்பது பேருக்க ஹாஜர் போவும். பின்ன எல்லாரும் உங்க வீட்டில வந்து சாயா கேப்பாளுவ."

காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று என இரண்டு புகைப்படங்கள் எடுத்து, இடக்குறிப்போடு கைப்பேசி வழியே அனுப்பினால்தான் அவர்களுக்கு அன்றைய வருகை பதியும். ஷீஜா கூறியதில் பிழையில்லை.

மறுநாள், எல்லைக்கு அப்பால் வேலை செய்துகொண்டிருந்த சரசம்மாவிடம் சென்றாள். நூறுநாள் வேலைக்குப் பொறுப்பாளரான சரசம்மா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கல்லைக் காட்டினாள்.

"எங்களுக்குக் கல்லாக்கும் கணக்கு. கல்லுக்கு இப்பறம் எங்க சோலி, அப்பறம் உங்க சர்க்காருக்க சோலி. உங்க ஆளுவ என்ன, பவுடர் போட்டுட்டு போட்டோவுக்கு நிக்கத்தானா வாறாளுவ?"

"ஷீஜா பவுடர் போடுயது இல்லியே."

"அப்போ புல்லாவது வெட்டட்டும்."

வேறு வழியின்றி ஸ்ரீகுமாரி தேசிய நெடுஞ்சாலை வழியே செல்லலானாள். அது இரண்டு கிலோமீட்டர் அதிகம். அவள் வீட்டிலிருந்து வரும் ஒழுங்கையும் பொன்னப்பனின் கடையும் சாலையின் ஒரே பக்கத்தில், போகுந்திசைக்கு வலப்புறமாக அமைந்திருந்தன. முறைப்படி செல்வதாயின் லாரிகளுக்கு நடுவே சாலையை இருமுறை குறுக்கே கடக்கவேண்டும். ஆகவே அவள் வலப்பக்க ஓரமாகவே, எதிர்வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு சென்றாள். இரண்டாம் நாள் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கைநீட்டி நிறுத்தினார்.

"சேச்சி, இது ராங் சைடல்லே?"

"சைக்கிளு தானே சாரே."

"சைக்கிளும் வண்டி தன்னே. இடது வசம் சேர்ந்து போகணம். ஒழுங்கையில இருந்து திரும்புற லாரிக்காரன் வலது வசம் மட்டுமே நோக்கும். இடது வசம் நோக்கில்ல. பின்னாடி ரிஃப்ளெக்டரும் இல்ல. நாளைக்கும் கண்டா வண்டி ஸ்டேஷன்ல இருக்கும்."

அவர் கூறியது நியாயம் என்பது அவளுக்கே விளங்கியது. அன்று மாலை சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று வாங்கி மாட்டினாள். மறுநாள் முதல் இடப்பக்கமாகவே சென்றாள். சாலையைக் கடக்கக் காத்துநின்றதில் கடையை அடையும்போது மணி ஆறு ஐம்பது.

பொன்னப்பன் சினம் கொள்ளவில்லை. அதுவே அவளுக்கு அச்சத்தைத் தந்தது.

"கொமரி, ஆறரைக்கு முதல் பஸ்ஸுக்க ஆளுவ வருவினும். அவனுவளுக்கு நான் தெனமும் பாலில்லாத்த கட்டஞ்சாயா குடுக்க முடியுமா? ஞாயிறு வரைக்கும் பாப்பேன். பின்ன கவர்ப்பாலாக்கும்."

"கவர்ப்பாலில போட்ட சாயாவ யாரு குடிப்பா?"

"குடிக்கியவனுக்குச் சூடு இருந்தாப் போதும்."

அன்று புதன்கிழமை. இந்தக் கடை போனால் பன்னிரண்டு லிட்டரை நாள்தோறும் வாங்க வேறு ஆளில்லை என்பதையும், இரண்டு பசுக்களில் ஒன்றை விற்கவேண்டிவரும் என்பதையும் எண்ணியவாறே வீடு திரும்பினாள்.

அவள் கணவன் தாணு ரப்பர் வெட்டுபவன். விடியுமுன் சென்று ஒன்பது மணிக்குத்தான் வருவான். ஆதலால் பால் கொண்டுசெல்ல அவனால் இயலாது. நண்பகல் உணவின்போது அவள் எல்லாவற்றையும் கூறினாள்.

"மூணு வருசம் மின்ன வரைக்கும் அந்த எடத்தத் தமிழ்நாட்டுக்காரிய வெட்டினாளுவ. இப்போ கல்லக் காட்டியாளுவ. கல்ல எந்த மடையன் கொண்டு அங்க நட்டானோ?"

தாணு சோற்றில் வைத்த கையை எடுத்தான்.

"நான்தான்" என்றான்.

"என்னது?"

"நீ துணி அலக்குயதுக்கு ஒரு கல்லு கொண்டு வந்தேன்லா. ரெண்டு மாசம் கெணத்தடியில கெடந்துதே."

மூன்றாண்டுகளுக்கு முன் பெருமழையில் கரை சரிந்தபோது எல்லைக்கல் மண்ணோடு பெயர்ந்து விழுந்தது. பாசியும் சேறும் மூடிக் கிடந்ததை வெறுங்கல் என எண்ணித் தாணு கைவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒரு பக்கம் வழவழப்பாக இருந்ததால் ஸ்ரீகுமாரி அதனைப் பெரிதும் மெச்சினாள். எழுத்துப் பொறித்த பக்கங்கள் சுவரோரமும் மண்ணிலுமாக மறைந்திருந்தன. பின்னர் எல்லையை அளக்க ஆள் வருவதாக ஊரில் பேச்செழுந்தது. தாணு கல்லைப் புரட்டியபோதுதான் எழுத்துகளைக் கண்டான். அயினி மரத்தடியில் எடுத்த நினைவால், அயினி மரத்தடியிலேயே கொண்டுபோய் நட்டான். ஆனால் பழைய அயினியும் அதே மழையில் விழுந்து, மரக்கடைக்குச் சென்றுவிட்டிருந்தது. அவன் நட்டது தமிழ்நாட்டுப் பக்கமாக நாற்பது தப்படிக்கு அப்பாலிருந்த வேறோர் அயினியின் அடியில். அளக்க ஒருவரும் வரவில்லை.

"வில்லேஜ் ஆபீஸில போய்ச் சொல்லுங்க."

"என்னண்ணு சொல்ல? எல்லைக்கல்லில எனக்க பெஞ்சாதி எட்டு வாரம் துணி அலக்கினாண்ணா?"

"அப்போ எடுத்த எடத்தில கொண்டு வையுங்க."

"ஒரு தடவ தொட்டது தப்பு. ரெண்டாந்தடவ தொட்டா கேஸு. அதும் ரெண்டு ஸ்டேட்டிலயும்."

அவள் எழுந்து கைகழுவிவிட்டு வந்தாள்.

"கல்லத் தொடண்டாம். காட்டத் தொடுங்க. ரெண்டு சர்க்காரும் வெட்டாத்தத நீங்க வெட்டுங்க. சனியாச்ச முடியணும்."

வியாழக்கிழமை, ரப்பர் வெட்டு முடிந்ததும், தாணு வெட்டுகத்தியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கரைக்குச் சென்றான். முட்செடியை மேலாக அரிந்தால் பத்து நாளில் தழைத்துவிடும் என்பதால் வேரோடு பெயர்த்தான். பள்ளங்களைச் செம்மண்சரலால் நிரப்பி மிதித்தான். நீர் வழியின்மேல் ஓடாமல் வெளிப்புறம் இறங்கும்படி மூன்று இடங்களில் சாய்வாக ஓடை கீறினான். அகலம் போதுமா என்பதைப் பார்க்க, இரு கேன்களின் அளவுக்கு ஒரு கம்பை முறித்து வைத்திருந்தான்.

சனிக்கிழமை இருபக்கத்துப் பெண்களும் கரையில் வேலைக்கு வந்திருந்தனர். தாணு நடுவில் நின்றான்.

"அண்ணன் எந்த சர்க்காருக்க சோலியாக்கும் பாக்கியது?" என்று சரசம்மா கேட்டாள்.

"பாலுக்க சோலி" என்றான் தாணு, நிமிராமல்.

"வீட்டில அவ்வளவு பயமா?" என்றாள் மற்றொருத்தி. இருபுறமும் சிரிப்பெழுந்தது.

நண்பகல் புகைப்படம் எடுத்து முடித்த ஷீஜா, வழி திறந்துவிட்டதால் கல்வரை நடந்து வந்தாள். புதர் நீங்கியதால் கல்லின் எழுத்துகள் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தன. சிறிதுநேரம் உற்றுநோக்கினாள்.

"சரசம்மா சேச்சி, இஞ்ச வந்து பாருங்க. கேரளத்துக்க எழுத்து உங்க பக்கமாக்கும் நோக்குயது. உங்க எழுத்து எங்களப் பாக்குது. கல்லு நடந்து வந்து திரும்பி நிண்ணுட்டு போல."

தாணு மண்வெட்டியின் கைப்பிடியைத் துண்டால் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். சரசம்மா கல்லைப் பார்த்தாள். ஷீஜாவின் அளவு முடிந்த இடத்தைப் பார்த்தாள். இறுதியாகத் தாணுவைப் பார்த்தாள்.

"எழுதிக் குடுத்தா சர்வேக்காரன் வருவான். அளப்பான். யாரு தொட்டான்னு கேப்பான்" என்று நிதானமாகக் கூறினாள். "எனக்கு எதுக்கு அந்த வம்பு? எனக்குக் கல்லாக்கும் கணக்கு. தாணு அண்ணா, இந்தக் கல்லு வாய தொறந்து பேசியது வரைக்கும் இந்த நாப்பது தப்படியும் உங்க சோலி. கேட்டேளா?"

"கேட்டேன்" என்றான் தாணு.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீகுமாரி கடையை அடைந்தபோது ஆறு இருபத்திரண்டு. மேசைமேல் கவர்ப்பால் ஆறு பொட்டலங்கள் இருந்தன. பொன்னப்பன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கேனைத் தூக்கிப் பாலைச் சட்டியில் ஊற்றினான்.

"இந்தக் கவர என்ன செய்ய?" என்று அவள் கேட்டாள்.

"உறை ஊத்தித் தயிராக்குவேன். நாளைக்கும் இதே நேரம் வா."

இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கரையில் புல்வெட்டும் நாள் வரும். அந்நாளில் தாணுவும் வருவான். புகைப்படம் எடுக்கும்போது ஷீஜா அவனை விலகி நிற்கச் சொல்லுவாள். எதிர்ப்புறத்திலிருந்து சரசம்மாவும் அவ்வாறே சொல்லுவாள். இருவர் படத்திலும் விழாமல் நிற்பதற்கு அந்த நாற்பது தப்படியில் இடம் போதுமானதாகவே இருந்தது.