துணிமாளிகையின் வெப்பம் போகும் இடம்

தங்காக் ஊரில் லோகேஸ்வரன் கட்டிய ஐந்து மாடித் துணிமாளிகையின் வெப்பம் முழுவதும், கடை திறந்த நாளிலிருந்து அவர் ஒருவர் உடம்பில்தான் இறங்குகிறது. உள்ளே பட்டுச்சேலை விரித்துப் பார்க்கும் பெண்கள் முந்தானையால் தோளைப் போர்த்திக்கொள்கிறார்கள். வெளியே கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் லோகேஸ்வரனின் சட்டைப்பையில் பேனா மை கொதிக்கிறது. இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் ஓடும் வணிகக் கட்டடத்தைப் பார்த்ததில்லை என்று பசுமைச் சான்றிதழ் கொடுத்தவர்கள் சொன்னார்கள். சிங்கப்பூரிலிருந்து மாணவர்கள் பேருந்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அதை வடிவமைத்தவர்கள் என் தம்பி கிரகோரியும் அவன் மனைவி ஃபெலிசியாவும். மேற்குச் சுவரில் ஜன்னலே வைக்கவில்லை. கூரைக்கு மேல் இன்னொரு கூரை போட்டார்கள். லேடாங் மலைப் பக்கமிருந்து வரும் காற்று படிக்கட்டு வழியாக ஏறி வெளியேற வழிவிட்டார்கள். கட்டி முடித்தபின் ஒவ்வொரு காற்றாடியையும் குழாயையும் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்து ஒப்படைப்பது கிரகோரியின் வேலை. அவற்றை ஆளும் கணினியைப் பழக்குவது ஃபெலிசியாவின் வேலை. ஒப்படைப்புக்கு முன் கிரகோரி மேல்மாடியின் பெரிய காற்றாடி அறைக்குள் போனான். உள்ளே போகிறவன் மின்விசையை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன்னோடு எடுத்துப்போக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். அவன் சிவப்புப் பூட்டை மாட்டியிருந்தான். அன்று லோகேஸ்வரன் விருந்தாளிகளைக் கட்டடம் பார்க்க அழைத்து வந்திருந்தார். அவர்களுக்கு வியர்த்தது. அவரே மேலே ஏறிப்போய், கட்டரால் பூட்டை நறுக்கி, விசையைப் போட்டார். கிரகோரியின் சவப்பெட்டியைத் திறந்து வைக்க முடியவில்லை. பூட்டை நறுக்கியபோது பக்கத்தில் நின்று பார்த்த மின்பணியாளர் மூர்த்தி, நடந்ததை ஃபெலிசியாவிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னார். அதிகாரிகள் கேட்டபோது வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. இறந்தவர் பூட்டு மாட்டாமல் உள்ளே போனார் என்று விசாரணை முடிந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், மிச்ச வேலையைத் தானே முடித்துத் தருவதாக ஃபெலிசியா சொன்னாள். உறவினர்கள் அவளோடு பேச்சை விட்டார்கள். லோகேஸ்வரனுக்கு மட்டும் சந்தோஷம்.

“தங்கச்சி, இந்த மனசு யாருக்கு வரும்?”

“தங்கச்சி எல்லாம் வேணாம், மிஸ்டர் லோகேஸ்வரன். மேடம்னே கூப்பிடுங்க.”

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வேறெங்காவது கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். ஃபெலிசியா ஐந்து மாடிகளையும் ஒரு குறையும் இல்லாமல் சரிசெய்தாள். கடைசியில், வெப்பத்தை எங்கே கொட்டுவது என்று கணினி கேட்டது. கூரையில் இருக்கும் குளிர்கோபுரத்தின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் அவள் லோகேஸ்வரன் என்று தட்டினாள். கட்டடம் ஏற்றுக்கொண்டது.

முதல் வாரம் அவர் காய்ச்சல் என்று நினைத்தார். மருத்துவரின் வெப்பமானி வெடித்தது. கேமரன் மலைக் குளிருக்கு ஓடினார்; அவர் தங்கிய விடுதித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் நின்ற இடத்திலேயே வெந்தது. விடுதிக்காரர் மரியாதையாக வேறு இடம் பார்க்கச் சொன்னார். மழைக்காலத்தில் அவர் மனைவி அவருடைய நாற்காலியைச் சுற்றிக் கொடி கட்டித் துணி காயப்போட்டார். ஐஸைத் துருவிப் பாகு ஊற்றி ஐஸ் கச்சாங் விற்கும் தீபன் அவரைத் தூரத்தில் கண்டாலே கத்துவான்: “அலமாக், போஸ்! அந்தப் பக்கமா போங்க லா, ஐஸெல்லாம் சூப்பாவுது!” கோலாலம்பூரிலிருந்து வந்த பொறியாளர்கள் கணினியில் அவர் பெயரை அழித்தார்கள், கட்டடம் மூச்சடைத்து நின்றது. திரும்ப எழுதினார்கள், ஓடியது. கடையை மூடினால் சூடு நின்றுவிடும் என்பதையும் அவர் கண்டுபிடித்தார், இரவில் அப்படித்தான் தூங்கினார். ஆனால் தீபாவளி வியாபாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மூடவில்லை.

பிறகு ஃபெலிசியாவின் வீட்டு வாசலுக்கு வந்தார். ரப்பர் செருப்பு உருகி சிமெண்டில் ஒட்டிக்கொண்டதால் வெறுங்காலோடு நின்றார்.

“எடுத்துடுங்க மேடம். செத்துருவேன்.”

“சாக மாட்டீங்க. அதெல்லாம் கணக்குப் பாத்துதான் வச்சிருக்கேன். பூட்டை யாரு வெட்டுனதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்புறம் வந்து பேசுங்க.”

இரண்டு தீபாவளிகள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவதற்கு முந்தைய சனிக்கிழமை, கடையில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில், தள்ளுபடி அறிவிக்கும் பெண்ணிடமிருந்து மைக்கை வாங்கினார். அது கையில் இளகத் தொடங்கியதால் வேகமாகப் பேசினார். “கிரகோரி பூட்டு போட்டுட்டுத்தான் உள்ள போனாரு. நான்தான் வெட்டுனேன். உள்ள ஆள் இருக்குன்னு மூர்த்தி சொன்னாரு. நான் கேக்கல. கெஸ்டுங்க வேர்க்குதுன்னாங்க.” ஜிப்பா மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடிப்பதை நிறுத்தினார்கள். மூர்த்தி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அன்று அளவெடுக்க வந்திருந்த ஃபெலிசியா மூன்றாம் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து முழுவதையும் கேட்டாள். விசாரணையை மறுபடி திறந்தார்கள். கிரகோரி பூட்டு மாட்டியிருந்தான் என்றுதான் இப்போது அறிக்கையில் இருக்கிறது. நீதிமன்றம் விதித்த அபராதத்தை லோகேஸ்வரன் அன்றே கட்டிவிட்டு, நேராக ஃபெலிசியாவிடம் வந்தார்.

“சொல்லிட்டேன்ல மேடம். இப்ப மாத்திடுங்க.”

“மாத்துறேன்னு நான் எப்ப சொன்னேன்? வந்து பேசுங்கன்னுதான் சொன்னேன். பேசியாச்சு.”

“அப்ப இந்த சூடு?”

“நல்லா ஓடுற கட்டடத்துல கை வைக்கக்கூடாது, மிஸ்டர் லோகேஸ்வரன். எங்க வேலையில அதான் முதல் பாடம்.”

கட்டடம் இன்றும் நன்றாக ஓடுகிறது. சான்றிதழைப் புதுப்பிக்க ஃபெலிசியா ஆண்டுதோறும் வருகிறாள். எல்லா மாடிகளிலும் அளவெடுத்த பிறகு, கீழ்த்தளத்தில் செங்கல் பதித்துத் தனியாகக் கட்டிய அறைக்குப் போகிறாள். லோகேஸ்வரன் எழுந்து, அவளுக்கு வசதியாக மேல்சட்டைப் பொத்தானைத் தானே கழற்றிவிட்டு நிற்கிறார். அவள் கருவியை நீட்டி, எண்ணைப் பார்த்து, சரி என்கிறாள். அவர் உட்கார்கிறார். மழை நாட்களில் வாடிக்கையாளர்கள் நனைந்த குடைகளை அந்த அறை வாசலில் விரித்து வைத்துவிட்டு மாடிக்குப் போகிறார்கள். சாமான் வாங்கி இறங்கி வருவதற்குள் காய்ந்திருக்கும்.