பின் இருக்கைக்காரன்

என் மகன் எர்மெக் இறந்த பிறகுதான் அவன் வண்டி பனியில் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது.

சிவப்பு நிற ஜப்பான் வண்டி. இரண்டே கதவு. ஆளை உட்காரவைக்காமல் படுக்கப்போடும் தாழ்ந்த இருக்கைகள். ஸ்டீயரிங் வலப்பக்கம். பின்சக்கரம் இரண்டும்தான் தள்ளும், முன்சக்கரம் சும்மா கூடவரும். எங்கள் சுசாமிர் பள்ளத்தாக்கில் பாதி வருடம் பனி. பின்னால் பாரம் இல்லாத வண்டி அதில் தன்னைத்தானே சுற்றிப் பார்த்துக்கொள்ளும். எர்மெக் உயிரோடு இருந்தபோது நிலக்கரி மூட்டை ஏற்றிப் பார்த்தான். வால் கொழுத்த கிடா ஒன்றை ஏற்றிப் பார்த்தான். கிடா பின்சீட்டில் பாதியைத் தின்றுவிட்டது.

போன குளிர்காலத்தில் ஒட்டகக் கணவாயில், குகைப்பாதைக்கு அந்தப் பக்கம், பனியில் சிக்கிய ஒரு லாரிக்காரனுக்குக் கைகொடுக்க வண்டியை விட்டு இறங்கினான். மேலேயிருந்து பனி சரிந்து அவனைக் கொண்டுபோய்விட்டது. லாரிக்காரன் பிழைத்தான். சிவப்பு வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. ஆட்கள் போய்ப் பார்த்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே ஹீட்டரும். பிள்ளை கிடைத்தது பனி உருகிய பிறகுதான்.

மய்யத்தை, அதாவது உடலை, அடக்கத்துக்குத் தூக்குமுன் வீட்டார் ஒவ்வொருவரும் 'மனம் பொருந்தினேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போகிறவனால் போக முடியாது. எல்லாரும் சொன்னோம். அவன் மனைவி குல்பரா சொல்லவில்லை. அவன் கணவாய்க்குப் புறப்பட்ட அன்று காலை வாசலில் நின்று 'போகாதே' என்று மறித்தவள் அவள். தொழுகை நடத்த வந்த ஹஜ்ரத் இரண்டு தரம் கேட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த பனிக்கு வண்டியை நான் எடுத்தேன். முதல் ஏற்றத்திலேயே வால் தரையோடு ஒட்டிக்கொண்டது. ஜீப்புகள் திணறும் இடத்தில் நான் ஒற்றைக் கையில் ஓட்டினேன். ஸ்பிரிங் இறுகிவிட்டது போலும் என்று நினைத்தேன். ஆனால் வளைவை வேகமாக எடுக்கும்போதெல்லாம் என் சீட்டின் முதுகில் இரண்டு முட்டி இடித்தது. எர்மெக் உயரமானவன். அந்தப் பின்சீட்டில் அவனுக்கு எப்போதுமே கால் வைக்க இடம் பத்தாது.

நிலக்கரிக் கிடங்கில் லாரி எடைபோடும் மேடை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் சகின்பாய் என் வயதுக்காரன், வாய் மட்டும் இளசு.

"கெழவா, எறங்கு. உன் தொந்தியும் கணக்குல வருது."

"எறங்கித்தானே நிக்கிறேன்."

அவன் முள்ளைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். காலி வண்டியின் எடைக்கு மேல் ஒரு ஆள் எடை காட்டியது.

"அப்ப உள்ள யாரு?"

"எம் மவன்."

"சாப்பாடெல்லாம் நல்லா எறங்குது போல. பூசுனாப்ல இருக்கான்," என்றான் சகின்பாய். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, பின்சீட்டுக் கண்ணாடியைப் பார்த்து சலாம் சொன்னான். அந்தப் பக்கம் மட்டும் கண்ணாடி உள்ளேயிருந்து ஆவி படிந்திருந்தது.

சாப்பாடு விஷயத்தில் அவன் சொன்னது பொய்யில்லை. செத்தவர்களுக்கு எங்கள் வீடுகளில் வியாழன்தோறும் ஏழு ரொட்டி சுட்டு எண்ணெய் மணம் காட்டுவோம். அவர்களுக்கு அதுதான் உணவு. என் மனைவி சாய்ரா சுட்டது வண்டி நிற்கும் கொட்டகையை ஒட்டிய அடுப்பில். வெள்ளிக்கிழமை வண்டியின் வால் ஒரு விரற்கடை தணிந்திருக்கும். ஹஜ்ரத்திடம் கேட்டேன். வண்டியைப் பற்றிக் கிதாபில் ஒன்றும் இல்லை, ரொட்டி இருந்தால் இரண்டு கொடு என்றார்.

இப்படியே ஓடியிருக்கும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பிள்ளையோடு ஊர் சுற்றாத அப்பனுக்கு, பிள்ளை தினமும் முதுகில் முட்டி வைத்து உட்கார்ந்திருந்தான். அவன் இறந்து வருடம் நிறைந்து ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் கணவாய்க்கு அந்தப்பக்கத்து மாட்டு வைத்தியர் ஒருவர் குல்பராவைப் பெண் கேட்டார். நல்ல மனுஷன். அவளும் சரி என்றாள். என்னிடம் வந்து, "மாமா, நீங்களே கொண்டுபோய் விடணும்," என்றாள்.

"அவனும் வருவான்," என்றேன்.

"தெரியும். ஒவ்வொரு தடவையும் முன்சீட்டுல உக்காந்தா பிடரியில மூச்சு படுது. இன்னொருத்தர் வீட்டு வாசல்வரைக்கும் அவரக் கூட்டிட்டுப் போக முடியாது மாமா. வழியிலயே பேசி முடிச்சிடறேன்."

என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியும். பேசிவிட்டால் அவன் போய்விடுவான். சாய்ராவுக்கும் தெரியும். அவள் என்னைப்போல வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை. புறப்படுகிற அன்று விடியலிலிருந்து அடுப்பை அணைக்கவே இல்லை. ஏழு ரொட்டி எழுபதாகி, கூடைகள் நிரம்பின. கொட்டகை முழுக்கப் புகை.

"என்னடி இது, கல்யாண விருந்தா?"

"எம் புள்ள பசியோட போக வேணாம்," என்றாள், என்னைப் பார்க்காமல்.

வண்டி கொட்டகையை விட்டு வரும்போதே மூக்கு வானத்தைப் பார்த்தது. புகைக்குழாய் பனியில் கோடு போட்டது. சாய்ரா வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். போக முடியாது, திரும்பிவந்துவிடுவோம் என்று அவள் கணக்கு.

கணக்கு கிட்டத்தட்டச் சரிதான். பின்பாரம் கூடினால் முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். கணவாயின் முதல் வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தேன். வண்டி நேராகவே போனது. ஓரத்துப் பனிமேட்டில் மூக்கைக் குத்தி நின்றது. மேட்டுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. கீழே நதி ஒரு நூல் மாதிரி தெரிந்தது.

குல்பரா எட்டி நதியைப் பார்த்தாள். "அத்த நெறையவே சுட்டுட்டாங்க."

"திரும்பிடலாமா?"

"வேணாம் மாமா."

முன்னால் திரும்பாத வண்டி பின்னால் திரும்பும். ரிவர்ஸில் ஏற்றத்தில் போனால் பாரம் சரிந்து முன்சக்கரத்தில் இறங்கும். ஆகவே ஒட்டகக் கணவாயின் மிச்ச ஏற்றத்தைப் பின்பக்கமாகவே ஏறினேன். கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி. எனக்கும் சாலைக்கும் நடுவில் பின்சீட்டு. காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் சாலையைப் பார்க்க நான் தலையைச் சற்றுச் சாய்க்க வேண்டியிருந்தது.

குகைப்பாதைக் காவல்காரன் தடுப்புக் கம்பியைத் தூக்கினான். "ஐயா, வர்றீங்களா, போறீங்களா?"

"எனக்கே இன்னும் தெரியல தம்பி."

வாயிலில் வண்டியைத் திருப்பி உள்ளே நுழைந்தேன். மூக்கு தூக்கியிருந்ததால் விளக்கு வெளிச்சம் தரையில் விழாமல் குகையின் கூரையில் விழுந்தது. இருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். குல்பரா முன்னால் பார்த்தபடியே, பின்னால் இருப்பவனிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"போகாதன்னு சொன்னேன். கேக்கல. அந்த லாரிக்காரன் வீட்டுல மூணு புள்ளைங்க, பாத்துட்டு வந்தேன். நீ செஞ்சது சரின்னு என்னால சொல்ல முடியல. கோவம் இருக்கு. அது எங்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும். நீ போ. மனம் பொருந்திட்டேன்."

வெளிச்சம் கூரையை விட்டு இறங்கவில்லை. குகையைத் தாண்டி வெளியே வந்தோம். அவன் போன இடம். பனி அடர்த்தியாக விழுந்துகொண்டிருந்தது.

"போகலையே மாமா."

"அவன் எங்கடி நம்ம பேச்சக் கேட்டிருக்கான்," என்றேன். குரலில் சந்தோஷம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

அவள் யோசித்தாள். பிறகு, "நிறுத்துங்க," என்றாள். "இது ரெண்டு கதவு வண்டி. முன்னால இருக்கிறவங்க எறங்கி சீட்டை மடக்கிவிடாம பின்னால இருக்கிறவர் எப்படி எறங்குவார்?"

இறங்கிப்போய்த் தன் சீட்டை முன்னால் சாய்த்துவிட்டுப் பனியில் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. என் முதுகில் அந்த இரண்டு முட்டி அப்படியே இருந்தது.

"அவர் அந்தப் பக்கம் உக்காந்திருக்கார் மாமா. உங்க பின்னால."

"எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு."

"மாமா."

"எறங்கினா எஞ்சின் நின்னுடும்."

அவள் திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றாள். தலையில் பனி சேர்ந்துகொண்டிருந்தது. அவள் போகவேண்டிய வீட்டில் விளக்கேற்றிக் காத்திருப்பார்கள். நான் இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தேன். முட்டிகள் விலகவில்லை, அழுத்தவும் இல்லை. பள்ளிக்கூடத்து பஸ்ஸில் இறங்கும் இடம் வந்த பிறகும், பெரியவர் எழுந்து வழிவிடக் காத்திருக்கும் பையனைப் போல இருந்தான்.

இறங்கினேன். சீட்டை மடக்கினேன். கதவை அகலத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றேன்.

வண்டியின் வால் மெதுவாக உயர்ந்தது. ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு விட்டது. மலைச்சரிவில் கிடந்த வெளிச்சம் வழுக்கி இறங்கி, சாலையில், எங்கள் இருவர் காலடியில் வந்து விழுந்தது. தடம் பார்த்தேன். என் தடமும் அவள் தடமும்தான். மேலே, சரிவில், பனி ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் பொலபொலவென்று உதிர்ந்தது.

அங்கிருந்து கீழே வைத்தியர் வீடுவரைக்கும் வண்டி ஒரு வளைவைக்கூட நேராக எடுக்கவில்லை. முழுக் கணவாயையும் பக்கவாட்டிலேயே இறங்கினோம். சாலையை நான் பார்த்தது குல்பரா பக்கத்து ஜன்னல் வழியாகத்தான்.

"மெதுவா மாமா," என்றாள், கதவைப் பிடித்துக்கொண்டு. "திரும்பிப் போகும்போது எப்படி ஏறுவீங்க?"

"பழகணும்," என்றேன். அடுத்த வளைவு வந்தது. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தேன்.